மணக்க மறுத்த பரங்கி ஒயின்

ஏப்ரல் மாதத்தில் மூக்கைத் துளைத்த ஒயின் அக்டோபரில் பச்சைத் தண்ணீராகிவிட்டது என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? டுவேனுக்கு வந்தது. அதுவும் எந்த நேரத்தில் வந்தது பாருங்கள். முதல் கோப்பையை நடீன் கையில் கொடுத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில்.

நடீன் ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். மரியாதை தெரிந்தவள், உடனே கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

"நல்லா இருக்கு. வெள்ளைத் திராட்சைங்களா?"

"பரங்கி" என்றான் டுவேன்.

"ஓ" என்றாள் அவள்.

அந்த ஒற்றை 'ஓ' இருக்கிறதே, அது டுவேனை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. போன நவம்பர் கடைசியில், ஊரின் பரங்கி டப்பா ஆலை சீசனை முடித்துக் கதவைச் சாத்திய பிறகு, பனி விழுந்த வயலில் மிச்சம் கிடந்த காய்களைப் பொறுக்கி வந்து செய்த ஒயின் அது. ஹாலோவீன் பண்டிகைக்குக் கண்ணும் பல்லும் வெட்டி வைப்பார்களே, அந்த ஆரஞ்சு நிறக் காய் இல்லை. அது வெறும் தண்ணீர். இது ஆலைக்கென்றே விளைவது, சுரைக்காய் மாதிரி நீளமாக, மண் நிறத்தில், சதை கெட்டியாக இருக்கும். அதைச் சுட்டு, பிசைந்து, ஈஸ்ட் போட்டு, பேருக்குத் துளி பட்டையும் ஜாதிக்காயும் சேர்த்து, மாதக்கணக்கில் வண்டல் பிரித்துப் பிரித்துத் தெளிய வைத்தான். ஏப்ரலில் சில பாட்டில்களில் அடைத்தபோது அக்கா வெர்னா மாடிப்படியிலிருந்தே மோப்பம் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். "டேய், கேக்கு சுடுறியா?" என்று கேட்டாள். வெர்னா வாயிலிருந்து அவ்வளவு நல்ல வார்த்தை வருவது லேசில் நடக்கிற காரியமில்லை. அந்த ஒயின் எங்கே போயிற்று?

டுவேன் ஆலையில் கொதிகலன்காரன். வயது ஐம்பத்தொன்று. பெக்கர்ஸ்வில் ஊரே பரங்கியால் பிழைக்கிற ஊர். ஆகஸ்டு கடைசியில் முதல் லாரி வந்தால், நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை வரைக்கும் ராத்திரி பகல் கிடையாது, வேகவைத்து டப்பாவில் அடைத்துக்கொண்டே இருப்பார்கள். இந்த செப்டம்பரில் நீராவி பட்டு அவன் மணிக்கட்டு வெந்துபோனது. ஆஸ்பத்திரிக்குப் போக நேரமில்லை என்று சுற்றிக்கொண்டிருந்தவனை வெர்னா காதைப் பிடிக்காத குறையாக இழுத்துப் போய், தானும் தம்பியும் இருந்த வீட்டின் மாடியில் வாடகைக்கு வந்திருந்த பள்ளிக்கூட நர்ஸ் முன்னால் உட்கார வைத்தாள். அந்த நர்ஸ்தான் நடீன். பிரசவத்துக்கு லீவில் போனவளுக்குப் பதிலாக வந்தவள். நாற்பத்தேழு வயசு, ஒண்டிக்கட்டை. வந்த இரண்டு நாளும் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, தப்பான ஊருக்கு வந்துவிட்டேன் என்று புலம்பியவள், மூன்றாம் நாள் சாதாரணமாகிவிட்டாள்.

மணிக்கட்டு எப்போதோ ஆறிவிட்டது. ஆனால் கட்டு மட்டும் நிற்கவில்லை. தினமும் சாயங்காலம் டுவேன் போய்க் கையை நீட்டுவான், அவள் பழைய துணியை அவிழ்த்து, ஒன்றுமே இல்லாத தோலைப் பார்த்து "ம், பரவாயில்ல" என்று சொல்லி, புதுத் துணி சுற்றுவாள். இரண்டு பேருக்கும் இதில் ஒரு சந்தேகமும் கிடையாது.

சிக்கல் என்னவென்றால், லீவில் போனவள் திரும்பி வரவில்லை என்று எழுதிவிட்டாள். பள்ளிக்கூடம் நடீனையே நிரந்தரமாக இருக்கச் சொன்னது. அவளோ மிசிசிப்பி ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கும் விண்ணப்பம் போட்டு வைத்திருந்தாள். "இந்த ஊர்ல எதை எடுத்தாலும் பரங்கி பரங்கிங்கிறீங்க. பரங்கி ராணி, பரங்கி ஓட்டம், பரங்கி எறியற போட்டி. ஆனா வாயில வெச்சா ஒண்ணுலயும் பரங்கி இல்ல. ருசியா ஒண்ணே ஒண்ணு காட்டுங்க, நான் இருந்துடறேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னதை டுவேன் சீரியஸாக எடுத்துக்கொண்டான். 'இரு' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகிற விஷயம். அந்த வார்த்தைக்குத்தான் அவன் வாயில் இடமில்லை. அதனால் ஒயின் பேசட்டும் என்று விட்டான். அதுவோ ஊமையாகிவிட்டது.

"கொஞ்சம் கிராம்பு போடேன்டா" என்றாள் வெர்னா. "செத்த ஒயினுக்குக் கிராம்புதான் வைத்தியம்."

"அக்கா, உனக்கு ஒயினைப் பத்தி என்ன தெரியும்?"

"உன்னைப் பத்தித் தெரியும். அது போதும். அவ போயிட்டா நீ ஆயுசுக்கும் அந்த பாய்லரைக் கட்டிக்கிட்டு அழ வேண்டியதுதான்."

டுவேன் களத்தில் இறங்கினான். பட்டை, கிராம்பு, சுக்கு, ஜாதிக்காய் எல்லாவற்றையும் இடித்து வோட்காவில் ஊறப்போட்டான். நிலவறையில் நின்ற பெரிய கண்ணாடி ஜாடியில் முக்கால்வாசி ஒயின் இன்னும் இருந்தது. ஏப்ரலில் அடைத்த பாட்டில்களையும் திறந்து அதிலேயே கொட்டினான். தப்பியது ஒன்றே ஒன்று, நடீன் மரியாதைக்காக மாடிக்கு எடுத்துப்போன அந்த முதல் பாட்டில். மசாலாவை மூட்டை கட்டித் தொங்கவிட மெல்லிய துணி வேண்டுமே என்று கடையில் பெண்கள் போடும் நைலான் காலுறை ஒரு ஜோடி வாங்கினான். கல்லாவில் இருந்தவள் அவனையும் காலுறையையும் மாறி மாறிப் பார்த்தாள். மறுநாள் காலையில் செய்தி வெர்னாவுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

"என்னடா, அவளுக்குக் காலுறை வாங்கிக் குடுக்கற அளவுக்கு வந்துட்டியா? சொல்லவே இல்ல!"

"ஐயோ அக்கா, அது ஒயினுக்கு!"

"ஒயினுக்குக் கால் எங்கடா இருக்கு?"

நான்கு நாள் கழித்து நடீனே நிலவறைக்கு இறங்கி வந்தாள். காலுறைக் கதையைக் கேள்விப்பட்டு நேரில் பார்க்கிற ஆசை அவளுக்கு. ஜாடியைச் சுற்றி வந்தாள், ரப்பர் குழாயைத் தொட்டுப் பார்த்தாள், வண்டல் ஏன் அடியில் படிகிறது, படிந்ததை ஏன் எறிகிறீர்கள் என்று நோண்டி நோண்டிக் கேட்டாள். டுவேனுக்கு வாழ்க்கையில் யாரும் இத்தனை கேள்வி கேட்டதில்லை. தலைகால் புரியாமல் பதில் சொன்னான். பிறகு கோப்பையை நீட்டினான்.

அவள் உறிஞ்சினாள். கண்ணை மூடி யோசித்தாள்.

"கிராம்பு வருது. பட்டை வருது. பல் டாக்டர் வீட்டு வாசல்ல உக்காந்த மாதிரி இருக்கு. பரங்கி எங்க?"

டுவேன் குடித்துப் பார்த்தான். அவள் சொன்னது சரி. மசாலா இருந்தது, பரங்கியைக் காணோம்.

"உங்க மூக்குல ஏதாவது கோளாறு இருக்கா? இருங்க" என்று அவனை நாற்காலியில் உட்கார வைத்து, தலையை நிமிர்த்தி, பையிலிருந்த சின்ன டார்ச்சை அவன் மூக்குக்குள் அடித்துப் பார்த்தாள். இவ்வளவு கிட்டத்தில் அவள் முகம் வந்தது அதுதான் முதல் தடவை. டுவேன் மூச்சையே விடவில்லை.

"மூச்சு விடுங்க. எதுவும் இல்ல. முடிதான் ஜாஸ்தி. இப்ப நீங்க என் மூக்கைப் பாருங்க."

அவனுக்கு நர்ஸ் வேலை தெரியாது. ஆனாலும் பார்த்தான். அதுவும் சுத்தமாகத்தான் இருந்தது. அடுத்து அவன் கண்ணைக் கட்டிவிட்டு, ஒரு கோப்பையில் கடையில் வாங்கிய மலிவு வெள்ளை ஒயினும் இன்னொன்றில் மாடியிலிருந்து கொண்டுவந்த அந்த முதல் பாட்டில் ஒயினும் ஊற்றிக் கொடுத்தாள். எது எதுவென்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் கண்ணைக் கட்டிக்கொண்டாள், அவளுக்கும் தெரியவில்லை. வெர்னாவைக் கூப்பிட்டார்கள். வெர்னா இரண்டையும் மடமடவென்று காலி செய்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதான், இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றாள்.

"ஒருத்தர் மூக்கு கெட்டுப்போகலாம், மூணு பேர் மூக்குமா கெட்டுப்போகும்? ஒயின்தான் செத்துருக்கு" என்றாள் நடீன். அவள் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. டுவேனுக்கு அதைக் கேட்கப் பொறுக்கவில்லை.

அதற்கப்புறம் அவன் செய்ததெல்லாம் வெறி பிடித்தவன் வேலை. ஆலை வாசலில் விழுந்த காய்களைத் தூக்கி வந்தான், விளிம்பு கருகும்வரை பழுப்புச் சர்க்கரை தடவிச் சுட்டான், அதை மூட்டை கட்டி ஜாடிக்குள் முக்கினான். மணக்கவில்லை. இன்னொரு மூட்டை. மணக்கவில்லை. விதையை வறுத்துப் போட்டான். பரங்கி ஜாம் போட்டான். மேலே இன்னும் கொஞ்சம் கிராம்பு, போகிற போக்கில். கடைசியில் ஜாடியில் இருந்தது ஒயினா கஷாயமா என்று படைத்தவனுக்கே வெளிச்சம். ஆனால் மோந்து பார்த்தால், சத்தியமாக, பரங்கி இல்லை.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து நடீனுக்கு அழைப்பு வந்தது. சனிக்கிழமை நேர்காணல். அவள் கார் பழுது பார்க்கிறவனிடம் கிடந்தது.

"அதுக்கென்ன, தம்பி கூட்டிட்டுப் போவான்" என்றாள் வெர்னா.

டுவேன் அக்காவை முறைத்தான். அவளைப் போகவிடாமல் இருக்கத்தான் இத்தனை பாடு. இப்போது அவனே வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் விடவேண்டுமாம். "கூட்டிட்டுப் போறேன்" என்றான். வேறென்ன சொல்ல முடியும்? சீசன் நடுவில் அவன் லீவு கேட்டதைப் பார்த்து மேற்பார்வையாளர், "யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டார். முப்பது வருஷத்தில் ஆகஸ்டுக்கும் நவம்பருக்கும் நடுவே அவன் ஊர் எல்லையைத் தாண்டியதே கிடையாது.

புறப்படும்போது ஜாடியிலிருந்து ஒரு பாட்டில் நிரப்பி, கார்க்கை அழுத்திக்கொண்டான். கடைசி முயற்சி. நடீனும் அந்த முதல் பாட்டிலின் மிச்சத்தை எடுத்து வந்திருந்தாள். "உங்க பாட்டில், திருப்பிக் குடுக்கணும்ல" என்றாள். கணக்குத் தீர்க்கிற மாதிரி அவள் அதைச் சொன்னது அவனுக்குச் சுருக்கென்றது. திறந்த பாட்டில் வண்டிக்குள் இருந்தால் போலீஸ்காரன் பிடிப்பான் என்று இரண்டையும் பின்னால் கருவிப் பெட்டியில் வைத்துப் பூட்டினான்.

இரண்டரை மணி நேர ஓட்டம். அறுத்த மக்காச்சோள வயல், மறுபடியும் அறுத்த மக்காச்சோள வயல். மிசிசிப்பிக்கு முன்னால் கரையோரம் மரமேஜை போட்டிருந்த இடத்தில் நிறுத்தினார்கள். வடக்குக் காற்று காதை அறுத்தது. நேர்காணலுக்கு இன்னும் நேரம் இருந்தது. நடீன் சாண்ட்விச் டப்பாவைத் திறந்து ஆளுக்கொன்று எடுத்து வைத்தாள்.

"அந்தப் புதுப் பாட்டிலைத் திறங்க. நான் குடிக்க மாட்டேன், வாசம் மட்டும் பாக்கறேன்."

டுவேன் கார்க்கைத் தொட்டான், அவ்வளவுதான். டப்பென்று கார்க் ஆற்றுப் பக்கம் பறந்தது. உள்ளே போட்ட சர்க்கரையும் காயும் சேர்ந்து ஒயின் மறுபடியும் பொங்க ஆரம்பித்திருக்கிறது, அதை இந்த மனுஷன் கவனிக்கவில்லை. நுரை பீறிட்டு நடீனின் கழுத்துத்துணி முழுக்கக் கொட்டியது.

அவள் கத்தப் போனாள். வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். டுவேனும் நின்றான். கிராம்பும் ஜாதிக்காயும் கருகின சர்க்கரையும் பரங்கியும், எத்தனை பரங்கி, ஒரு வயல் பரங்கி, கூட்டமாக வந்து மூக்கில் அறைந்தது. இருவருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"டுவேன்! என்ன இது! குதிரையைச் சாய்ச்சுடும் போலிருக்கே!"

"எனக்கும்... எனக்கும் வருது!" என்று இருமினான் அவன். "பரங்கி வருது!"

"அந்தப் பழைய பாட்டில்! எடுங்க, எடுங்க!"

காற்று அடித்து மூக்குத் தெளியட்டும் என்று கொஞ்ச தூரம் தள்ளிப் போய் நின்று, அந்த மிச்சப் பாட்டிலைத் திறந்தார்கள். அது முன்னதைப் போல மூக்கில் அறையவில்லை. அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த காயின் மணம் முதலில் வந்தது, விளிம்பில் லேசாகக் கருகின இனிப்பு, அதற்கப்புறம் எங்கோ பின்னால் பட்டை. நடீன் பாட்டில் வாயில் மூக்கை வைத்தவள் எடுக்கவே இல்லை. டுவேன் ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தான். ஏப்ரல் மாத ஒயின், அப்படியே இருந்தது.

"எங்கடா போயிருந்த நீ?" என்று பாட்டிலைப் பார்த்தே கேட்டுவிட்டான்.

"அது எங்கயும் போகல" என்றாள் நடீன் மெதுவாக. அவள் கண் மின்னியது. "நம்ம மூக்குதான் போயிருக்கு. யோசிச்சுப் பாருங்க. ஊரே ராப்பகலா பரங்கி வேகவைக்குது. வந்த ரெண்டு நாள் எனக்கு வாந்தி வர்ற மாதிரி இருந்துச்சு. மூணாம் நாள் ஆலையை மூடிட்டாங்க போலன்னு நெனச்சேன். மூடல. பழகிடுச்சு. அந்த வாசனையே தெரியாத மூக்குக்கு, ஒயின்ல இருக்கற பரங்கி மட்டும் எப்படித் தெரியும்? ஏப்ரல்ல ஆலை ஓடல, உங்களுக்குத் தெரிஞ்சுது."

டுவேன் மரமேஜையில் பொத்தென்று உட்கார்ந்தான். செத்துப்போனதாக நினைத்து, நன்றாக இருந்த ஒரு ஜாடி ஒயினைத் தானே குட்டிச்சுவராக்கியிருக்கிறான். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

நடீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்போ உங்க ஒயினை ருசி பாக்கணும்னா உங்க ஊரை விட்டு வெளிய வந்துடணும்!"

டுவேனின் சிரிப்பு நின்றுபோயிற்று. அவள் கவனித்தாளா என்று தெரியவில்லை. நனைந்த கழுத்துத்துணியைச் சுருட்டிக் காலி சாண்ட்விச் டப்பாவுக்குள் போட்டு மூடினாள். பிறகு அவன் அவளை ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் விட்டான்.

ஒரு மணி நேரம் வண்டிக்குள்ளேயே இருந்தான். ருசி காட்டியாகிவிட்டது, அவளுக்குப் பிடித்தும்விட்டது. ஆனால் அதே ருசி, ஊரில் இருந்தால் கிடைக்காது என்று சாட்சி சொல்லிவிட்டுப் போய்விட்டது. இப்படி ஒரு பிழைப்பு உண்டா?

அவள் வந்து கதவைத் திறந்து உட்கார்ந்தாள். "வேலை குடுத்துட்டாங்க. திங்கக்கிழமையே வரச் சொல்றாங்க."

"சந்தோஷம்" என்றான் டுவேன். முகத்தில் ஈயாடவில்லை.

"சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணுமாம்."

"சொல்லுங்க. நல்ல ஆஸ்பத்திரி. கட்டடமே பெருசா இருக்கு" என்றான். கட்டடத்தைப் பற்றிச் சொன்னானே மடையன்!

திரும்பும் வழியில் நடீனுக்கு ஒரு யோசனை. எந்த இடத்தில் மூக்கு ஏமாறத் தொடங்குகிறது என்று பார்க்கலாமே? அவ்வப்போது கழுத்துத்துணி டப்பாவின் மூடியை லேசாகத் திறந்து மோந்துவிட்டு மூடினாள். "வருது" என்றாள். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டும்போது அவன் மூக்கருகில் நீட்டினாள். "வருது" என்றான். ரயில் பாதையைத் தாண்டினார்கள், வந்தது. பன்றிப் பண்ணையைத் தாண்டினார்கள், அங்கே மட்டும் இருவரும் மூச்சையே விடவில்லை.

ஊர்ப் பெயர்ப் பலகை கண்ணில் பட்டபோதுதான் அது வந்து மோதியது. டப்பா மூடியேதான் இருந்தது. வெளியிலிருந்து வந்தது. புழுக்கமாக, கனமாக, வேகவைத்த தோலும் ஈர இலையும் திகட்டுகிற இனிப்பும் சேர்ந்த ஒரு நாற்றம், கண்ணாடியை ஏற்றியும் உள்ளே புகுந்தது. டுவேன் வண்டியை ஓரம் கட்டிவிட்டான்.

"இதுவா?" என்றான். "இதுலயா நான் இருக்கேன்? இத்தனை வருஷமா?"

"இதுலதான்."

பிறந்ததிலிருந்து இருக்கிற ஊர். ஆகஸ்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி மூக்குக்குப் பழகிவிடுகிற அதன் வாசனை அவனுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. வெட்கத்தில் காது சிவந்துவிட்டது. ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தான், நிறுத்த முடியவில்லை.

"நீங்க அந்த வேலைக்கே போயிடுங்க. இந்த நாத்தத்துல ஒரு மனுஷியை இருக்கச் சொல்ல எனக்கு வாய் வரல. ஞாயித்துக்கிழமை நான் வண்டி எடுத்துக்கிட்டு அங்க வந்துடறேன். சீசன்லயும் வர்றேன். வேலை போனாப் போகட்டும். ஆனா பொய் சொல்ல மாட்டேன், எனக்கு நீங்க இருக்கணும். இங்கதான் இருக்கணும். கை எப்பவோ ஆறிடுச்சு, உங்களுக்கும் தெரியும். நீங்க கட்டு போடாத சாயங்காலம் எனக்குச் சாயங்காலமே இல்ல. இதைச் சொல்லத் தெரியாமத்தான் அந்தப் பாழாப்போன ஜாடியில கிராம்பைக் கொட்டினேன்."

சொல்லி முடித்துவிட்டு மூச்சு வாங்கினான். ஒரு பரங்கி லாரி அவர்களைத் தாண்டிப் போயிற்று. இருட்டத் தொடங்கியிருந்தது.

"சாயங்காலம் ஆயிடுச்சே" என்றான் ஈனக்குரலில். "ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணலையா?"

"யாருக்குப் பண்றது? வேண்டாம்னு அங்கேயே சொல்லிட்டுத்தான் வந்தேன்."

டுவேன் திரும்பிப் பார்த்தான்.

"பின்ன எதுக்கு சாயங்காலம் வரைக்கும்..."

"உன் வாய் எப்பத் திறக்குதுன்னு பாக்கத்தான். ஒரு மாசமா ஆறின கைக்குக் கட்டு போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன், நீ என்னடான்னா ஒயினுக்கு ருசி ஏத்தறேங்கிற. அந்த ஜாடியை இப்ப என்ன பண்ணப் போற? கொட்டிடுவியா?"

அவள் 'நீ' என்றதை அவன் கவனிக்கவே கொஞ்சம் நேரம் பிடித்தது.

"கொட்ட வேண்டாம்" என்றான். "பொங்கறது அடங்கட்டும். அப்புறம் மசாலாவே போடாம புதுசா ஒரு ஜாடி செஞ்சு, ரெண்டையும் கலந்துட்டா சரியாப் போயிடும். ஆனா அது தெளிய அடுத்த வசந்தம் ஆகும்."

"ஆகட்டும். ஆலை மூடினதும் நானும் வயலுக்கு வர்றேன், காய் பொறுக்க" என்று கண்ணாடியை முழுசாக இறக்கினாள் நடீன். நாற்றம் குப்பென்று உள்ளே வந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முகத்தைச் சுளித்தார்கள்.

"ஐயோ, நெஜமாவே நாறுது டுவேன்."

"மூடிடவா?"

"வேண்டாம், வண்டியை எடு. இது சீக்கிரம் பழகிடும்."